ஏழாவது வரிசைக்குப் பின்னால்

எங்கள் சரக்குக் கிடங்கில் ஸ்கேனர் படிக்காமல் ஒரு அட்டைப்பெட்டியும் லாரி ஏறாது. ஸ்கேனருக்கோ வைஃபை வேண்டும். மூன்று வாரமாக அது நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பார்க்க வந்தவர்கள் கூரையில் புதிதாக நான்கு வைஃபை கருவிகளை மாட்டிவிட்டுப் போனார்கள். நிலைமை இன்னும் மோசமானது. லாரிக்காரர்கள் சூப்பர்வைசரான என்னைக் கண்டாலே முறைத்தார்கள்.

வேறு வழியில்லாமல் என் மச்சினியைக் கூப்பிட்டேன். பத்து வருடமாக நெட்வொர்க் வேலைதான் பார்க்கிறாள்.

வந்தவள் எதிலும் கை வைக்கவில்லை. ஸ்கேன் செய்யும் அக்காவோடு இரண்டு நாள் வரிசை வரிசையாக நடந்தாள். தொடர்பு அறுந்த இடத்திலெல்லாம் தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். முக்கால்வாசிக் குறிகள் ஏழாவது வரிசைக்குப் பின்னால் குவிந்துவிட்டன.

"ஏழுல என்ன மாமா அடுக்கியிருக்கீங்க?"

"தண்ணி பாட்டில். வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து கூரை வரைக்கும் நிக்குது."

"அதான் பாத்தேன். தண்ணி சிக்னலைக் குடிச்சிடும். அந்தப் பக்கம் ஒண்ணுமே போய்ச் சேராது."

புதுக் கருவிகளில் ஒன்றைக் கழற்றி அந்தப் பின்பக்கத்தில் மாட்டினாள். மற்ற மூன்றையும் அணைத்தாள். மேனேஜர் பதறிவிட்டார்.

"என்னம்மா, இருக்கறதையும் அணைச்சா எப்படி?"

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா யார் பேச்சு சார் காதுல விழும்?"

அன்று மாலையே ஸ்கேனர்கள் தடங்கலின்றி ஓடின. நான் பூரித்துப்போய், "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"இன்னிக்கு ஏழு பாதி காலி மாமா. காலியா இருந்தா எல்லாம் நல்லாத்தான் ஓடும். ரொம்பட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."

அதற்கு மூன்றாம் நாள் புதுச் சரக்கு வந்தது. பாட்டில்கள் கூரையைத் தொட்டதும் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ஒரு 'பீப்' கூடத் தவறவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கடைசி மூலைக்கே போய் அழுத்திப் பார்த்துவிட்டு, "இங்கயும் எடுக்குதுங்க!" என்று கத்தினார்.

பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து ரத்தம். வலியைப் பற்றி மூச்சு விடவில்லை, பாவி. முதலுதவிப் பெட்டியை எடுக்க ஓடினேன்.

திரும்பி வந்தால் நாற்காலிக்கடியில் ஷூ மட்டும் கிடந்தது. பாட்டில்களுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல்: "அந்தத் தூண் ஓரத்துல இன்னும் ஒரே ஒரு தடவை, மாமா!"