அழுத்தினால் தெரியும் முகம்

வாலு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணன். முப்பதை நெருங்கியும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. விடும்படி அவளும் நடந்துகொண்டதில்லை.

அவள் புரோகிராம் எழுதும் கம்பெனி அண்ணிக்குச் சொந்தம். நாலு மேசை, ஒரு காபி மெஷின், கதவைச் சாத்தினால்தான் குளிரும் ஏசி, அவ்வளவுதான். "வீட்லதான் அண்ணி, இங்க மேடம். ஆறு மாசம் பார்ப்பேன். சரியா வரலைன்னா நாத்தனாராச்சேன்னெல்லாம் யோசிக்க மாட்டேன்" என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார் அண்ணி. ஆறாவது மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. வாலுவுக்கு இந்த வேலை நிலைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடங்களில் வாய்க்கொழுப்பால் வேலையைத் தொலைத்தவள். மூன்றாவது முறையும் அம்மா முன்னால் போய் நின்றால் மானம் கப்பலேறிவிடும்.

கையில் இருந்தது ஒரு கால்நடை மருத்துவமனை வேலை, சிகிச்சைக்கு வரும் மாடு, நாய்களைப் பதிந்துவைக்கும் புரோகிராம். அங்கே கம்ப்யூட்டரைத் தொடுகிறவர் கம்பவுண்டர். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுக் குத்துமதிப்பாகத் தட்டுகிற மனிதர். எழுத்தே வேண்டாம், உள்ளங்கை அகலத்துக்குப் படப் பட்டன்கள் போதும் என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். ஒரு பட்டனுக்கு ஒரு படம் போதும் என்று நினைக்கிறவர்கள் பட்டன் செய்து பார்த்ததில்லை. சும்மா இருக்கும்போது ஒன்று, மவுஸ் அம்பு மேலே வந்து நிற்கும்போது ஒன்று, அழுத்தும்போது ஒன்று, ஆக மூன்று வேண்டும்.

படம் வரைகிறவரோ இன்று நாளை என்று இழுத்தடித்தார். சும்மா இருந்தால் அவள் வாலு இல்லையே. 'அழி' பட்டனுக்குத் தற்காலிகமாக அண்ணியையே போட்டுவைத்தாள். முதலில் சிரிக்கிற அண்ணி. அம்பு மேலே வந்தால் ஒரு புருவத்தைத் தூக்கிய அண்ணி. அழுத்தினால் கண்ணை உருட்டி, மூக்கு விடைத்து, ஆளை அப்படியே விழுங்கிவிடுவதுபோல் பார்க்கும் அண்ணி. அந்த மூன்றாவது படம் அண்ணன் அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாக எடுத்தது. "செத்தாலும் என் பேரை மட்டும் சொல்லிடாதடி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினான்.

ஒருவழியாகக் குப்பைக்கூடைப் படங்கள் வந்தன. வாலு மாற்றினாள். முதல் படத்தை மாற்றினாள், இரண்டாவதை மாற்றினாள், அதற்குள் காபி மெஷின் கூப்பிட்டது. பிறகு எல்லாப் பட்டனையும் நூறு முறை தட்டிப் பார்த்தாள், 'அழி'யைத் தவிர. நாற்பது மாடு, நாய், கிளிகளைச் சோதனைக்காகக் கைவலிக்க டைப் செய்தவளுக்கு அதில் ஒன்றை அழிக்க மனம் வருமா?

டாக்டரம்மா பார்க்க வந்த அன்று எல்லாம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்து நாற்காலியில் அண்ணி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "இந்தக் கூடை எதுக்கு, அழிக்கவா?" என்றபடி டாக்டரம்மா பட்டியலில் ஒரு மாட்டைத் தொட்டுவிட்டுக் கூடைமேல் மவுஸை அழுத்தினார். நாடி பார்த்துப் பழகிய விரல். அழுத்தினால் எடுப்பதில்லை.

திரையில் உள்ளங்கை அகலத்துக்கு அண்ணி முறைத்தார்.

"ஐயோ!" டாக்டரம்மா பதறிப்போய், அழுத்திய விரலை எடுக்காமலே மவுஸைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டார். முகம் மறைந்தது. வேலை போச்சு, இன்றோடு சரி. "அண்ணி..." என்றாள் வாலு, மேடத்தை மறந்து.

அண்ணியோ, திரையில் இருந்த அதே முகத்தை நேரில் காட்டினார்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பிறகு பட்டியலைப் பார்த்தார். "மாடு அழியலையே! அப்படியேதான் இருக்கு."

"பட்டன் மேலயே விரலை எடுத்தாத்தான் அழியும். வெளிய இழுத்துட்டு எடுத்தா அழியாது" என்றாள் வாலு, ஈனசுவரத்தில்.

"எங்க கம்பவுண்டர் வாரத்துக்கு ரெண்டு மாட்டையாவது தெரியாம அழிச்சிடறார்மா. எழுதிப் போட்டேன், கத்திப் பார்த்தேன், கேட்டாத்தானே? இந்த மூஞ்சியைப் பார்த்தா ஜென்மத்துக்கும் அழிக்க மாட்டார். மேடம், தப்பா நினைக்காதீங்க, இதை மாத்தாதீங்க!"

அண்ணிக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. வியாபாரம் தெரிந்தவர், சிரித்துவைத்தார். டாக்டரம்மா அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தினார் அண்ணி. ஏசி குளிர ஆரம்பித்தது. "முதல் ரெண்டு படமும் குப்பைக்கூடை. அப்ப மூணாவதை மாத்த மறந்திருக்க. தப்புதானே?"

"தப்புதான் மேடம்."

"வேலை உனக்கு நிரந்தரம். ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லு. இன்னிக்கு வரைக்கும் நான் இப்படி முறைச்சது வீட்லதான். இதை யாரு எடுத்தா?"

வாலு சத்தியத்தை நினைத்துப் பார்த்தாள். முழுசாக இரண்டு நொடி நினைத்துப் பார்த்தாள்.

"அண்ணன்."

மறுநாள் காலையில் அவள் மேசைக்கு மூன்று புதிய படங்கள் வந்தன. அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் பட்டனுக்காம். முதல் படத்தில் அண்ணன் சாதாரணமாக நிற்கிறான். இரண்டாவதில் எச்சில் விழுங்குகிறான். மூன்றாவதில் இரண்டு கையையும் கூப்பி, கண்ணில் நீர் முட்ட, மன்னிப்புக் கேட்கிறான்.

"நல்லா நடிச்சிருக்கானே!" என்றாள் வாலு.

"யாரு நடிச்சா?" என்றார் அண்ணி.