பின்னால் போகாத கார்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘ஒரே குத்து’ என்று பெயர். எப்பேர்ப்பட்ட நரம்பு ஒளிந்து விளையாடினாலும் முதல் குத்திலேயே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்ட கைக்குத்தான் ஒரு காரைப் பின்னால் எடுக்க வரவில்லை.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை ஒன்று காலியாக இருந்தது. மேலாளர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டாம் என்பதற்காகவே அவள் அதற்கு ஆசைப்பட்டாள். மாதக் கடைசிக்குள் ஓட்டுநர் உரிமமும் சொந்தக் காரும் இருந்தால் வேலை அவளுக்கு. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த மறுவாரமே அக்காவின் கணவர் தன் பழைய காரை அடிமாட்டு விலைக்குத் தருவதாகச் சொன்னார். அத்தான் தும்மினால்கூட அதில் தனக்கு என்ன லாபம் என்று பார்க்கிறவர். அவள் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்ததில் வாங்கிவிட்டாள்.

கார் முன்னால் ஒழுங்காகப் போனது. ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் கரகரவென்று கத்திவிட்டு நின்ற இடத்திலேயே உறுமியது. அத்தானிடம் கேட்டாள். அவளுக்குக் கிளட்சை விடத் தெரியவில்லை என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, சிலருக்கு ரிவர்ஸ் ஜென்மத்துக்கும் வராது, உன் அக்காவைப் பார் என்றார்.

அக்காவிடம் உரிமம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் இதே காரில் இதே கரகரப்பையும் இதே பெருமூச்சையும் கேட்டு, ஸ்டியரிங்குக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டவள். பழகுகிறவள் தனியாக ஓட்டக் கூடாது என்பதால் இப்போது தங்கைக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு.

“எனக்கும் இப்படியேதான்டி. நம்ம ரத்தத்துலயே ரிவர்ஸ் இல்ல.”

நாள் முழுக்க ரத்தத்தோடு புழங்குகிற தங்கை அதை அப்படியே நம்பினாள். இருவரும் முன்னால் மட்டுமே போய்த் திரும்பக்கூடிய பாதைகளைக் கண்டுபிடித்தார்கள். முட்டுச்சந்து இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருநாள் பல் மருத்துவர் வாசலில் மாட்டிக்கொண்டபோது, கன்னம் வீங்கிய இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். பயிற்சிப் பள்ளிக் காரில் மட்டும் ரிவர்ஸ் வந்தது. வாத்தியார் பக்கமும் கிளட்ச், பிரேக் எல்லாம் இருந்ததால், அது அவர் கால் செய்யும் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வு நாள் காலை, தேர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள அக்காவோடு பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். தன் காரில் பின்னால் எடுக்கவே வரவில்லை, அந்த வேலை வேறு யாருக்காவது போகட்டும் என்று வாத்தியாரிடம் சொன்னாள். வாத்தியார் ஆறுதல் சொல்லவில்லை. வெளியே போய் அவள் காரில் ஏறி மூன்று முறை முயன்றார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“இதுல ரிவர்ஸே இல்லம்மா. கியர் பல்லெல்லாம் தேஞ்சு வருஷக்கணக்கா ஆயிருக்கும். என் கார்ல பின்னாடி எடுத்தது நீதான். என் கால் சும்மாத்தான் இருந்துச்சு.”

பதினோரு மணிக்குத் தேர்வு மைதானத்துக்கு வந்து சேரச் சொன்னார். அத்தான் எங்கே போனாலும் அந்தக் காரை மேட்டைப் பார்த்தே நிறுத்துவார், எஞ்சினுக்கு நல்லது என்பார் என்று அக்கா சொன்னாள். பிரேக்கை விட்டால் தானாகவே பின்னால் உருண்டுவிடும் அல்லவா.

“ஆறு வருஷம்,” என்றாள் அக்கா. “வீட்டுக்கு விடு.”

அத்தான் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். அவருடைய புதுக் கார் வாசலுக்குள் நின்றது. தங்கை பழைய காரை நேராக உள்ளே விட்டு, புதுக் காரின் வாலை ஒட்டி நிறுத்தினாள். அவர் அலுவலகத்துக்கு நேரமாகிறது, எடு என்றார். அவள் சாவியை நீட்டினாள்.

“எனக்குத்தான் வராதே அத்தான். நீங்களே எடுத்துக் குடுங்க.”

அத்தான் மனைவியைப் பார்த்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு கேட்டில் சாய்ந்து நின்றாள். எதிர்வீட்டுத் தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அத்தான் ஏறினார். பக்கத்து இருக்கையின் மேல் கையைப் போட்டுப் பந்தாவாகத் திரும்பிப் பார்த்தார். கரகர. எஞ்சின் சூடாகவில்லை என்றார். கரகர. இருக்கையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றார். கரகர. கடைசியில் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் பானெட்டில் தோளை முட்டுக்கொடுத்துத் தள்ளத் தொடங்கினார். தையற்காரர் உதவிக்கு ஓரடி எடுத்து வைத்தார். அக்கா பார்த்த பார்வையில் எடுத்த அடியைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

கார் தெருவுக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்கா கையை நீட்டினாள்.

“புதுக் கார் சாவியக் குடுங்க.”

“அத நீ எப்படி...”

“குடுங்க.”

ஆறு வருஷத்துக்குப் பிறகு அக்கா ரிவர்ஸ் எடுத்தாள். கேட்டில் உரசிப் புதுக் காரின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். சகோதரிகள் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குப் பயிற்சிப் பள்ளிக் காரில் தேர்வாளர் பின்னால் எடுக்கச் சொன்னார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. கார் சொன்னபடி கேட்டது. இத்தனை நாள் தன் கையையே திட்டிக்கொண்டிருந்ததை நினைத்தபோது அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. தேர்வாளர் போதும், தேறிவிட்டீர்கள் என்றார். அவள் இன்னும் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனாள்.