சந்தனப் பொட்டு வைத்த எண்கள்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்குக் காரணம் என் பசி. ஞாயிற்றுக்கிழமை, பினாங்கு லிட்டில் இந்தியாவில் சுடச்சுடப் பசியாறலாம் என்று கிளம்பியவன், பாடாங் கோத்தா லாமா பக்கம் வந்ததும் மாட்டிக்கொண்டேன். சாலையை மூடிவிட்டார்கள். ஓட்டப் பந்தயமாம். காரை எங்கேயோ ஓரங்கட்டிவிட்டு, திடலோரம் நின்றபடி ஓடுகிறவர்களை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தூங்காமல், யாரும் துரத்தாமல், இப்படி ஓடுவானேன்?

அப்போது ஒரு பெண்மணி என்னை இடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த மருத்துவக் கூடாரத்துக்குள் பாய்ந்தாள். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"நீயா? அப்பாடா."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் யாரைத் தேடிப் போனாள், யாரைப் பார்த்தாள், எதற்கு அந்த அப்பாடா, ஒன்றும் தெரியாது. (இன்னொரு காட்சியும் கண்ணால் பார்த்தேன். அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.) மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்து, ஆறிப்போன தோசையைத் தின்றுகொண்டே நான் கட்டியது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"கிழக்கே வானம் சிவக்க, ஆயிரம் பாதங்களின் ஓசையில் ஜார்ஜ் டவுன் மெல்லக் கண் விழி..."

வேண்டாம். இந்த ஊர் எப்போது கண்ணை மூடியது, விழிப்பதற்கு?

இரண்டாம் முயற்சி:

"ஓட்டம் என்பது மனித குலத்தின் ஆதி..."

ஐயோ, இதற்கு அதுவே தேவலை.

மூன்றாம் முயற்சி:

பாகான் டாலாமில் லோகேஸ்வரி வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் மாலை தொங்காது, பதக்கங்கள்தான் தொங்கும். பள்ளிக்கூட நன்கொடை ஓட்டம், கோயில் திருப்பணி ஓட்டம், பாலத்து ஓட்டம் என்று பினாங்கில் நடக்கிற ஓட்டம் ஒன்றையும் அந்தக் குடும்பம் விட்டதில்லை. முதல் பரிசு ஒன்றுகூட இல்லை. ஓடி முடித்த எல்லாருக்கும் கொடுக்கிற பதக்கம்தான். ஆனால் விளக்கேற்றும்போது அவையும் சேர்ந்து மின்னும், லோகேஸ்வரிக்கு அது போதும்.

இதை வைத்துக்கொள்ளலாம். ஆணி அடித்தாயிற்று, இனிக் கதையை மாட்ட வேண்டியதுதான்.

3

ஓட்டப் பைத்தியத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர் தயாளன், லோகேஸ்வரியின் கணவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் எச்சரித்ததும் ஓட ஆரம்பித்தார். தொப்பையோடு தனியாக ஓட வெட்கப்பட்டு மனைவியையும், அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகள் யஷ்வினியையும் இழுத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒரே நிறச் சட்டையில் ஓடுவார்கள்.

போன வருடம், ஓர் ஓட்டத்தின் நடுவில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தது மறுபிழைப்பு. அதன் பிறகு இதுதான் முதல் பந்தயம். "நடக்கலாம், ஓடக்கூடாது" என்று டாக்டர் உத்தரவு.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம், நெஞ்சில் குத்திக்கொள்கிற எண் அட்டைகளைத் தாம்பாளத்தில் வைத்து, முருகன் படத்தின் முன்னால் சூடம் காட்டி, ஒவ்வோர் அட்டைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள் லோகேஸ்வரி. புதுக் காருக்குப் பொட்டு வைக்கிறோம், பள்ளிப் புத்தகத்துக்கு வைக்கிறோம், இதற்கு வைத்தால் என்ன? போன வருடம் அந்த ஒரு முறைதான் அவசரத்தில் மறந்துபோனாள். அந்த ஒரு முறைதான் அவர் விழுந்தார். கொழுப்பு அடைத்ததுதான் காரணம் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியும் அவள் மனம் கேட்கவில்லை.

அதனால் இந்த முறை சந்தனத்தை அள்ளி அப்பினாள். அட்டையில் எண் பெரிதாக இருக்கும், அதன் கீழே பெயர் பொடி எழுத்தில் இருக்கும். சந்தனம் போய் உட்கார்ந்தது பெயரின் மேலே.

"மா, யாரு பேருன்னே தெரியலமா" என்றாள் யஷ்வினி.

"சாமிக்குத் தெரியும்."

"சாமியா ஓடப் போகுது?"

"வாயை மூடிக்கிட்டு ஊக்கை எடு."

துடைத்துப் பார்க்கலாம்தான். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்க யாருக்குக் கை வரும்? இது உனக்கு, இது அப்பாவுக்கு, இது எனக்கு என்று அவளே நினைவிலிருந்து பிரித்துச் சட்டைகளில் குத்தினாள். தயாளன் நெஞ்சில் மகளின் எண், மகள் நெஞ்சில் அப்பாவின் எண்.

(லோகேஸ்வரியின் எண் மட்டும் சரியாக அவளுக்கே அமைந்துவிட்டது. அதுவும் மாறியிருந்தால் இன்னும் பத்துப் பக்கம் ஆகும். எனக்கு முதுகு வலி.)

ஊக்கைக் குத்தி முடித்தபோது தயாளன் சொன்னார்: "நடந்துதான் வருவேன். ஓட மாட்டேன். முருகன் சாட்சி."

"முருகனை விடுங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போது அவர் கால் கட்டைவிரல் துள்ளியதை அவள் கவனித்தாள்.

4

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். காரணம், தயாளன் மேல் எனக்கும் நம்பிக்கை இல்லை.

நான் படைத்த ஆள்தான், இருந்தாலும் சொல்கிறேன். இப்படிப்பட்ட மனிதர்களை எனக்குத் தெரியும். சீனி வேண்டாம் என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டு, கடையில் தே தாரிக்கை இரண்டு கிளாஸ் குடிப்பார்கள். கொடி அசைந்ததும், பக்கத்தில் ஒருவன் முந்தியதும், கால் சும்மா இருக்குமா?

லோகேஸ்வரிக்கும் அதே பயம். கூடவே நடக்கிறேன் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் மறுத்துவிட்டார்.

"நீ கூட வந்தா ஆஸ்பத்திரியே கூட வர்ற மாதிரி இருக்கு லோகேஸ். நீ ஓடு. வருஷம் பூரா என்னைப் பார்த்துக்கிட்டே இருந்துட்ட. ஒரு நாள் ஓடு."

சரி என்று அரை மனத்தோடு ஒத்துக்கொண்டாள். யஷ்வினி அப்பாவோடு நடப்பது என்று ஏற்பாடு. கைப்பேசிகள், கார்ச் சாவி எல்லாம் லோகேஸ்வரியின் இடுப்புப் பையில். எப்போதும் அப்படித்தான், அந்த வீட்டில் சுமப்பவள் அவள்தான்.

அவள் ஓடினாள். எல்லையைத் தொட்டாள். மைலோ வேன் முன்னால் வரிசையில் நின்று, ஒரு கோப்பை வாங்கி, முதல் வாய் குடிக்கப் போனாள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஷஃபீக்கின் குரல், அதுவரை பாட்டும் கிண்டலுமாக இருந்தது, திடீரென்று நிதானமானது. தயாளன் அனாக் லெலாக்கி முனுசாமியின், அதாவது முனுசாமி மகன் தயாளனின், குடும்பத்தார் உடனே மருத்துவக் கூடாரத்துக்கு வரவும்.

மைலோ கீழே விழுந்ததை அவள் அறியவில்லை. அன்றைய பந்தயத்தில் அவள் அந்த வேகத்தில் ஓடியிருந்தால் வெற்றிக் கோப்பையே வாங்கியிருப்பாள். 'நான் ஏன் விட்டேன், நான் ஏன் அவரைத் தனியாக விட்டேன்' என்று ஒவ்வோர் எட்டுக்கும் நெஞ்சு கேட்டது.

5

முதல் பிரதியில் இங்கே தயாளனைக் கொன்றுவிட்டேன்.

ஆமாம். கூடாரத்தின் திரையை விலக்குகிறாள், வெள்ளைத் துணி, நெஞ்சில் சந்தனம் காய்ந்த அட்டை. எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. நல்ல கதை வந்துவிட்டது என்று நினைத்து, என் மனைவி ஜெகதீஸ்வரியிடம் கொடுத்தேன்.

படித்துவிட்டு அவள் கேட்டாள்: "அந்த மனுஷன் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாரு?"

"கதைன்னா ஒரு கனம் வேணும்லா."

"கனம் வேணும்னா சிமெண்டு மூட்டை தூக்குங்க. நீங்க கேட்டது 'அப்பாடா'. செத்துப்போனவனைப் பார்த்து எவ அப்பாடாங்கிறா?"

காதால் கேட்ட ஒரே உண்மையைத் தூக்கி எறிந்துவிட்டு, கேட்காத சாவை எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாற்றி எழுதினேன். கட்டிலில் மகள் படுத்திருக்கிறாள் என்று எழுதிக் காட்டியதும் ஜெகதீஸ்வரி அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பெத்த பிள்ளை அடிபட்டுக் கிடக்கும்போது தாய் அப்பாடான்னு சொல்லுவாளா?"

"நான் கேட்டேனே."

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அரிந்தாள். பிறகு, "சொல்லுவா" என்றாள்.

6

கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தவள் யஷ்வினி. கணுக்கால் பந்துபோல் வீங்கியிருந்தது. நர்ஸ் நோர்மா அதன் மேல் ஐஸ் பையை அழுத்திப் பிடித்திருந்தாள். பிள்ளை அழுத அழுகையில் பெயரைக் கேட்காமல், நெஞ்சிலிருந்த எண்ணை வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டாள். அங்கே ஷஃபீக் எண்ணைக் கணினியில் தட்டி, வந்த பெயரை வாசித்துவிட்டான். யார் மேலும் குற்றமில்லை, சந்தனத்தைத் தவிர.

"நீயா? அப்பாடா" என்றாள் லோகேஸ்வரி. சொன்ன கையோடு கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

யஷ்வினி அழுகையை நிறுத்திவிட்டாள். "நான் விழுந்தது உனக்கு அப்பாடாவாமா?"

"இல்லடா, அப்பா பேரைச் சொன்னாங்கடா, நான் அப்பான்னு..." மகளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஐஸ் பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். தன் வாயிலிருந்து வந்த சொல்லை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் மனம் லேசாகித்தான் கிடந்தது, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பாள்?

யஷ்வினி தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். கீழே அப்பாவின் பெயர். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பரவால்லமா. நானா இருந்ததே நல்லது" என்றாள்.

இந்த வரியை நான் மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறையும் திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.

7

சரி, தயாளன் எங்கே?

"அப்பாதான்மா 'நீ முன்னால ஓடு, என்னால உன் நேரம் கெட வேணாம்'னு அனுப்பி வச்சாரு" என்றாள் யஷ்வினி. "சாமி சத்தியமா நடந்துதான் வருவேன்னாரு."

லோகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் நெஞ்சில் அவர் எண் என்றால், அவர் நெஞ்சில் மகளின் எண். அவருக்கு வழியில் ஏதாவது ஆகியிருந்தால் ஒலிபெருக்கி தயாளன் என்று சொல்லாது. யஷ்வினி என்றுதான் சொல்லும்.

மகளைத் தாங்கிப் பிடித்து எல்லைக் கோட்டருகே நாற்காலியில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் நின்றாள். ஷஃபீக் வரிசையாகப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான். பெற்ற மகளின் கையைப் பிடித்துக்கொண்டே, அந்த மகளின் பெயர் மருத்துவக் கூடாரத்தோடு சேர்ந்து காதில் விழக்கூடாது என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டிருந்தாள். என்ன பாடு இது, எந்தத் தாய்க்கு வரும்?

ஓட்டக்காரர்கள் குறைந்தார்கள். நடக்கிறவர்கள் வந்தார்கள். பிறகு அவர்களும் வரவில்லை. தொண்டர்கள் தண்ணீர் மேசைகளை மடக்கத் தொடங்கினார்கள்.

சாலை வளைவில் ஆம்புலன்ஸ் தெரிந்தது. விளக்கு சுழல, மெதுவாக வந்துகொண்டிருந்தது.

லோகேஸ்வரி மகளின் கையை நசுக்கிவிட்டாள்.

8

நான் கடைசிக்கு வைத்திருந்தது இதுதான். இது என் கற்பனை இல்லை, திடலோரம் நின்று கண்ணால் பார்த்தது.

(ஓடுகிற வழக்கமில்லாதவர்களுக்காக: பந்தயத்தில் எல்லாருக்கும் கடைசியாக வருகிறவர் பின்னால்தான் ஆம்புலன்ஸ் வரும். அவரை முந்தாது. அவர் நின்றால் அதுவும் நிற்கும். எனக்கும் அன்றுதான் தெரியும். லோகேஸ்வரிக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு எது ஞாபகம் வரும்?)

ஆம்புலன்சுக்கு முன்னால், சாலைக்கு நட்ட நடுவில், ஒரு மனிதர் வந்துகொண்டிருந்தார். தொப்பை, நரைத்த மீசை, நெஞ்சில் மஞ்சளாக ஏதோ அப்பிய அட்டை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை வருவதுபோல் இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டு, நடந்து வந்தார்.

கோட்டைத் தாண்டியதும் ஷஃபீக்கின் திரையில் பெயர் வந்தது. தலையைத் தூக்காமலே கூவினான்: "நம்முடைய கடைசி வீராங்கனை, அடேக் யஷ்வினி!"

தங்கச்சியைப் பார்க்கத் திரும்பிய கூட்டம் மீசையைப் பார்த்தது. திடலே சிரித்தது. யஷ்வினி ஒற்றைக் காலில் நின்று கை தட்டினாள். பசியை மறந்து நானும் தட்டினேன்.

பதக்கத்தைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு அவர் நேராக மனைவியிடம் வந்தார். மகளின் காலை இன்னும் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதைத் தொடக்கத்திலிருந்தே சுமந்து வந்தவர்போல் இருந்தது முகம்.

"ஓர் அடி கூட ஓடல லோகேஸ். முருகனைக் கேக்காத. பின்னால வர்ற ஆம்புலன்ஸ்காரனைக் கேளு, அவன்தான் சாட்சி."

லோகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கட்டிப் பிடித்தாள். ஒன்றில் அவர் நெஞ்சிலிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள். ஒன்றில் எதுவும் பேசாமல் சந்தனத்தைத் துடைத்துவிட்டாள். நான்காவது படு மோசம், ஜெகதீஸ்வரி அதைப் படித்துவிட்டு "பேசாம இருங்க" என்று மட்டும் சொன்னாள். உண்மையில் அந்தப் பெண்மணி ஏதோ சொன்னாள். கைதட்டலில் எனக்குக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு நாள் வர வேண்டிய நேரத்துக்கு வராமல், நீங்கள் நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்து முடித்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நின்றிருப்பார்கள். அப்போது உங்கள் வாயிலிருந்து முதலில் வந்ததை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

"..............................................."

(திட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அனேகமாகத் திட்டாகத்தான் இருக்கும்.)