கல் கட்டிய புடலங்காய்

அறுப்பின் பண்டிகையில் எனக்குக் கிடைக்கும் ஊழியம் ஸ்டிக்கர் உரிப்பதுதான். எங்கள் சபையில் ஒருவருக்கும் குவைத்தில் ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனாலும் நவம்பர் வந்தால் எல்லோரும் கர்த்தருக்கு முதற்பலன் கொண்டுவருவார்கள், சூப்பர்மார்க்கெட் பையில். ஒல்லாந்து வெங்காயம், ஜோர்தான் தக்காளி, ஈரான் வத்தகப்பழம். பீடத்தில் ஏறுவதற்கு முன் அவற்றின் விலையை நான் நகத்தால் சுரண்ட வேண்டும். விலை தெரிந்தால் கடவுள் கோபிப்பாரா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

இந்த வருடம் ஸ்டிக்கரோடு இலைகளும் வந்து சேர்ந்தன. பண்டிகைக் குழுச் செயலாளர் அருள்ராஜ் நாகர்கோவில்காரர், நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் வாய்விட்டுச் சண்டை பிடிக்கலாம். எந்த நாட்டுக் கோயிலின் வீடியோவைப் பார்த்தாரோ தெரியவில்லை, ஒரு மூட்டை பிளாஸ்டிக் இலைகளை ஆன்லைனில் வரவழைத்துவிட்டார்.

"இலையுதிர் காலம்தான் சிஸ்டர் இந்த வருஷ தீம். ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள். பச்சை மட்டும் எங்கயும் தெரியக் கூடாது" என்றார்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அவர் ஊரிலும் சரி, என் ஊரிலும் சரி, இலை சிவந்து நான் கண்டதில்லை. மங்காஃபில் எங்கள் தெருவில் நிற்கும் பேரீச்ச மரங்கள் வருடம் முழுக்க ஒரே தூசி நிறம். இங்கே இலையுதிர் காலத்தை மரத்தில் தேடக் கூடாது. ஒருநாள் காலையில் ஏசியை நிறுத்திப் பார்ப்போம், வியர்க்காது. ஜன்னலைத் திறப்போம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்கும், கீழே பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்கும். கோடை முழுக்க நாம் எவ்வளவு ஏசி இரைச்சலுக்குள் கிடந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கும். கடவுளுக்கு நன்றி சொல்ல எனக்கு அது போதும். ஆனால் அதைப் பீடத்தில் தொங்கவிட முடியாதே!

இந்தக் கோடையில் என் கணவர் சுஜந்தன் வேலைத்தளத்தில் வெயில் தாக்கி விழுந்தார். சிறுநீரகமும் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, நேர்ந்துகொள்ள என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தபோது, மாமி ஊரிலிருந்து அனுப்பிய புடலை விதைகள் சமையலறை மேசை லாச்சியில் கிடந்தது நினைவுக்கு வந்தது. இவர் எழும்பி வீட்டுக்கு வந்தால், அதை முளைக்கப் போட்டு முதல் காயை உம்முடைய பீடத்தில் வைப்பேன் என்று சொன்னேன். அதுவரை நான் ஒரு கீரைத்தண்டுகூட வளர்த்ததில்லை.

அவர் எழும்பி வந்தார். பசிதான் வரவில்லை. எதை வைத்தாலும் இரண்டு வாய், பிறகு "காணும், போதும்" என்று கையைக் கழுவிவிடுவார். நான் உப்பைக் கூட்டினேன், குறைத்தேன், கத்தினேன், அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை.

பால்கனியில் புடலை மட்டும் வளர்ந்தது. ஏசிக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில்தான் அதன் பிழைப்பு. காலநிலை குளிர்ந்து ஏசியை நிறுத்தியதும் அந்தத் தண்ணீரும் நின்றது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சுஜந்தன் கோப்பை கோப்பையாகக் கொண்டுபோய் ஊற்றினார். பிஞ்சு வந்ததும் நுனியில் ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கட்டாவிட்டால் காய் சுருண்டுவிடும். பறித்த பிறகும் கல்லை அவிழ்க்கவில்லை. கடைச் சாமான் இல்லை என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்ற கொழுப்புத்தான்.

இங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்று காலை ஆராதனைக்கு முன்பே அதைப் பீடத்தின் நடுவில் வைத்துவிட்டு, தக்காளிகளோடு மல்லுக்கட்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு ஆரஞ்சுப் பூசணிக்காய் குந்தியிருந்தது.

"என்ரை புடலங்காய் எங்கை அருள்ராஜ் அண்ணை?"

"பத்திரமா உள்ள வெச்சிருக்கேன் சிஸ்டர். பச்சையா நீளமா தொங்குனா தீமே கெட்டுடும். ஜெபம் முடிஞ்சதும் எடுத்துத் தர்றேன்."

"அது நேர்த்தி அண்ணை. பீடத்திலை இருக்கவேணும்."

"கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு ஓடினார். அப்படியென்றால் இந்த இலைகளை யார் பார்ப்பதற்காகத் தொங்கவிட்டிருக்கிறார்? கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

ஆராதனை முழுக்க நான் பொருமிக்கொண்டே இருந்தேன். என் மகள் லக்சிகா, அருள்ராஜ் கொடுத்த தாளைப் பார்த்து, பொன்னிறமாய் உதிரும் இலைகளில் ஆண்டவரின் அழகைக் கண்டதாக வாசித்தாள். குவைத்திலேயே பிறந்தவள். "நான் காணாததைக் கண்டதெண்டு சேர்ச்சிலை சொல்லலாமோ அம்மா?" என்று காரில் கேட்டிருந்தாள். பிரசங்கமும் இலைகளைப் பற்றித்தான். போதகர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் இலை கழன்று அவருடைய வேதாகமத்தின் மேல் விழுந்தது. சபையே ஆமென் சொன்னது.

ஆசீர்வாதம் முடிந்த கையோடு உள்ளே ஓடினேன். அருள்ராஜ் சொன்ன அந்த 'உள்ள' என்பது சமையல் கூடம். அன்பின் விருந்துக்குச் சமைக்க வந்த அம்மையப்பன் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். சிவகங்கைப் பக்கத்து மனிதர், ஒரு மெஸ்ஸில் வேலை.

"அண்ணே, இஞ்சை ஒரு புடலங்காய்..."

"ஆமாக்கா, காய்கறிக் கூடை மேல இருந்துச்சு. கூட்டுக்குக் காய் பத்தலையேன்னு பாத்தேன், சேத்து நறுக்கிப் போட்டுட்டேன். ஏங்க்கா?"

அவரை என்ன சொல்வது? கரண்டியை வைத்துவிட்டு, சமையல் மேடையிலிருந்து அந்தக் கல்லை எடுத்து நீட்டினார். நூல் அப்படியே இருந்தது. எனக்கு விசர் பிடித்தது.

நேரே கோயிலுக்குள் போய், பூசணிக்காயைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கல்லை வைத்தேன். அருள்ராஜ் பதறிக்கொண்டு வந்தார்.

"என்ன சிஸ்டர் இது, கல்லு?"

"என்ரை முதற்பலன். இவ்வளவுதான் மிச்சம். நிறம் உங்கடை தீமுக்குச் சரியோ எண்டு பாருங்கோ."

விஷயம் புரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சிஸ்டர், மன்னிச்சிடுங்க. இப்பவே சூப்பர்மார்க்கெட் போயி ஒரு நல்ல புடலங்காயா வாங்கிட்டு வந்துடறேன். ஸ்டிக்கரைக்கூட நானே உரிச்சுடறேன்" என்றார். மனதார ஒருவர் இப்படிச் சொல்லும்போது எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

விருந்தில் எனக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு, கடவுளிடம் என்ன கணக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற விடாமல் பண்ணிவிட்டார்கள். இனி சுஜந்தனுக்கு ஏதாவது வந்தால்? அந்தப் பயம்தான் கோபத்துக்கு அடியில் கிடந்தது.

"ஏனப்பா, நீர் சாப்பிடேல்லையே?" என்றார் பக்கத்தில் இருந்த சுஜந்தன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் தட்டில் கூட்டு வைத்த இடம் வெறுமையாக இருந்தது. விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன காயப்பா இது? நல்ல ருசி."

"புடலங்காய்."

கை நின்றது. "எங்கடையோ?"

"ஓம்."

"ஐயோ, அது நேர்த்தியெல்லோ! ஆண்டவருக்கெண்டு நீர் வைச்சது!"

பயந்துபோய், குற்றம் செய்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். கோடைக்குப் பிறகு அவர் ஒரு தட்டை முழுதாக முடித்து நான் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. அருள்ராஜ் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த இலைகள் மேலும் தீரவில்லை. அம்மையப்பன் கூட்டு வாளியோடு எங்கள் வரிசைக்கு வந்தார்.

"அண்ணே, இவருக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடுங்கோ" என்றேன். குரல் சண்டைக்குப் போவது போலத்தான் வந்தது.