நாற்பத்தோராவது விநாடி

பாறையைக் காட்டிக்கொடுத்தது சிவகுருதான் என்று முதலில் சொன்னது நான். அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் இக்னேசியஸ் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே தூண்டில் போடுகிறவர். ஒரு மணித்தியால ஓட்டத்தில் கடலுக்கடியில் ஒரு பாறை இருக்கிறது. விளைமீனும் கலவாயும் அங்கே கூட்டமாக நிற்கும். அந்த இடம் அவருக்கும், பத்து வருடமாக அவருடன் படகேறுகிற சல்லி ஊர்ச் சிவகுருவுக்கும் மட்டும்தான் தெரியும். ஜீபீஎஸ் கருவியில் குறித்து வைத்தால் கருவியைத் தூக்குகிறவன் பாறையையும் தூக்கிவிடுவான் என்று இவர் அதை வாங்கவேயில்லை. கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கத்திலும் அப்படியே வேறு இரண்டு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போடுவார்கள். என்ன அடையாளங்கள் என்று எனக்கே சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்கு வேறு வேலை இருந்தது. முகநூலில் 'அஞ்சலினாவின் கடல்மீன்' என்று ஒரு பக்கம் தொடங்கியிருந்தேன். மீனை வெட்டிக் கழுவி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். ஆனால் சனத்துக்கு எதிலும் சந்தேகம். "இது ஐஸ் மீன்தானே?" என்பார்கள். "செவுளைக் காட்டுங்கோ" என்பார்கள். படம் பிடித்துப் போட்டால் பழைய படம் என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தவக்காலத்தில் ஒரு நாள் அடம்பிடித்துப் படகில் ஏறிவிட்டேன். அவர்கள் இருவரும் மீன் இழுக்க, நான் போனைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கோ, இப்பதான் ஏறுது, உயிரோட துடிக்குது" என்று கதைத்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். நான் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன். இவரிடம் இருப்பதோ பட்டன் போன். என் போனை நீட்டினால், "பிடிச்ச மீனைத் திரும்பப் பாக்க என்ன கிடக்கு?" என்று போய்விடுவார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை பாறைக்குப் போனவர்கள் அங்கே வேறொரு படகைக் கண்டார்கள். மறுநாள் மூன்று. அடுத்த கிழமை எட்டு. எங்கள் மீன்பெட்டி பாதிகூட நிறையவில்லை. முகநூல் பக்கத்தில் நாற்பது பேர் மீன் கேட்டு எழுதியிருக்க, கொடுக்க மீன் இல்லை.

இரண்டு பேருக்குத் தெரிந்த இடம். ஒருவர் என் புருஷன். அப்படியானால் மற்றவன்தானே? சிவகுரு, படகு இயந்திரம் திருத்தக் கிண்ணியாவிலிருந்து வருகிற சரீப்போடு தேத்தண்ணி குடித்ததைக் கண்டேன். புதுச் சேட்டுப் போட்டிருந்ததைக் கண்டேன். ஒருநாள் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், இவர் வரவும் பேசாமல் விலகியதையும் கண்டேன். எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியது. சந்தேகம் பிடித்துவிட்டால் ஒருவன் தும்மினாலும் அதற்கு ஒரு காரணம் தெரியும்.

"இஞ்சருங்கோ, அவன்தான் இடத்தை வித்துப்போட்டான்," என்றேன்.

"விசர்க்கதை கதைக்காத. அவன் அப்பிடிச் செய்ய மாட்டான்."

நான் விடவில்லை. ஒரு கிழமை அவர் காதிலேயே குடியிருந்தேன். எட்டாம் நாள் கரையில், வலை காயப்போட்டிருந்த அத்தனை சனத்துக்கும் முன்னால், இவர் கேட்டுவிட்டார்.

"ஆருக்கடா சொன்னனீ?"

சிவகுரு என்னை ஒருதரம் பார்த்தான். தூண்டில் பெட்டியைப் படகுக்குள் வைத்துவிட்டு நடந்து போனான்.

"பாத்தீங்களா, வாயே திறக்கேல்லை," என்றேன். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

பிறகு மூன்று நாள் இவர் தனியாகக் கடலுக்குப் போனார். விற்க மீனில்லாவிட்டாலும் பக்கம் தூங்கிவிடக்கூடாதென்று நான் புது வீடியோ ஒன்று யோசித்தேன். பழையதில் எந்த இடத்தைச் சனம் விரும்பியது என்று தெரிந்தால் நல்லது. முகநூல் அதைக் கோடு போட்டுக் காட்டும். நாற்பத்தோராவது விநாடியில் கோடு குத்தென்று ஏறியிருந்தது. அங்கே நான் சிரிக்கிறேன். என் சிரிப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போய், அதேபோல் இன்னொருமுறை சிரிக்கலாமென்று அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

என் தோளுக்கு மேலே கோணேசர் மலையின் நுனி. அதற்கு நேர் பின்னால் சிவப்பு ரெலிபோன் ரவர்க் கோபுரம். இரண்டு விநாடி தள்ளி, மற்றத் தோளில், வெளிச்சவீடும் அதன் பின்னால் குன்றின் பள்ளமும், நூல் பிடித்த மாதிரி. என் சிரிப்பை ஒருவரும் பார்க்கவில்லை.

வீடியோவை அழித்தேன். அப்போதுதான் பக்கத்துக்கு வந்த செய்திகளில் சிவகுருவின் பெயரை எப்போதோ கண்டது ஞாபகம் வந்தது. மீன் வாங்காதவன் என்ன எழுதப்போகிறான் என்று திறக்காமல் விட்டிருந்தேன். தேடிப்பிடித்துத் திறந்தேன். வீடியோ போட்ட அன்றைக்கே, ஒரு மணித்தியாலத்துக்குள் எழுதியிருக்கிறான்.

'அக்கா, கரை தெளிவாத் தெரியுது. கெதியா அழியுங்கோ. அண்ணருக்குத் தெரிஞ்சா உங்களை ஏசுவார். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.'

அழித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் கரையில் அவன் என்னைப் பார்த்த பார்வை கண்ணுக்குள் நின்றது. போனைக் கொண்டுபோய் இவரிடம் கொடுத்தேன். முற்றத்தில் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, எழுத்துக்கூட்டி, இரண்டு தரம் வாசித்தார்.

"அவ்வளவு சனத்துக்கு முன்னால கேட்டனான்," என்றார். "அப்பவும் அவன் சொல்லேல்லை."

போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நீ ஏன் இதைப் பாக்கேல்லை?"

"மீன் கேட்டு எழுதின ஆக்களைத்தான் பாத்தனான்."

அவர் போனை என் கையில் வைத்துவிட்டு எழுந்து சேட்டை மாட்டினார்.

"சல்லிக்குப் போவம். அவன்ர வீட்டு வாசலில முதல்ல நீ கதை. நான் பிறகு கதைக்கிறன்."