ஒரெஸ்ட் செய்த நல்லது

என் புருஷன் ஒரெஸ்ட், ஒரு கோப்பைகூட ஜெயிக்காமல் ஐஸ் ஹாக்கியை விட்டவன். முழங்கால் போனதும் கோட்டையும் டையையும் மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் அணிக்கே மேனேஜர் ஆனான். யாரை எடுப்பது, யாரை வேறு ஊருக்குக் கொடுப்பது, எல்லாம் அவன் கையில். அந்தக் காலத்தில் அவனோடு சேர்ந்து ஆடிய என் தம்பி டோரியன் பாவ்லுக் மட்டும் முப்பத்தைந்து வயதாகியும் ஆடிக்கொண்டிருந்தான். அணியில் எல்லாருக்கும் அவன் 'பாவ்லி'.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் அம்மா என் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வயிற்றில் புற்றுநோய். நான் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். டோரியன் பயிற்சி முடிந்து ஈரத் தலையோடு வந்து கரண்டியை எடுத்தால் போதும், பீட்ரூட் சூப் மளமளவென்று இறங்கும்.

"இன்னிக்காவது கோல் போட்டியா, இல்ல சும்மா சறுக்கிட்டு வந்தியா?"

"பேசாம வாயைத் திற, கிழவி."

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா போகும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். அதை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறான்.

மார்ச் மாதம், அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் போன் வந்தது. கையில் கிண்ணம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"டோரியன்," என்றான் ஒரெஸ்ட்.

மேனேஜர் பட்டப்பெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரைச் சொன்னால், அந்த ஆளை வேறு ஊருக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

"ஹாலிஃபாக்ஸ் டீம் உன்னை எடுத்துக்கிட்டாங்க. இந்த வருஷம் கோப்பை அவங்களுக்குத்தான்டா. நாளைக்குக் காலைல பிளைட்."

"சரி மச்சான். தேங்க்ஸ்."

தேங்க்ஸாம்! "போகமாட்டேன்னு சொல்லித் தொலையேன்டா!" என்று கத்தினேன்.

"அப்படியெல்லாம் சொல்ற வழக்கம் இல்லக்கா."

பல் உடைந்தால் துப்பிவிட்டு ஆடுவார்கள் இவர்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல மட்டும் வாய் வராது. அன்று சாயங்காலம் ஒரெஸ்ட் வீட்டுக்குள் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"நல்லதுதான் பண்ணியிருக்கேன் லூபா. எனக்கு யாரும் இப்படி ஒரு வாய்ப்பு குடுக்கல. கோடை வரைக்கும் தாங்குவாங்கன்னு டாக்டரே சொன்னாரு. அதுக்குள்ள கோப்பையோட வந்து நிப்பான் பாரு."

சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. பாவி மனுஷன், உண்மையாகவே என் தம்பிக்குப் பரிசு கொடுத்துவிட்டதாக நம்பினான். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது?

டோரியன் போனபின் அம்மா வாயைத் திறக்கவே இல்லை. வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். கோடை வரவில்லை, பனி உருகுவதற்குள் ஏப்ரலிலேயே போய்விட்டாள். அந்த நேரம் அவன் ஹாலிஃபாக்ஸில் ஆட்டத்தின் நடுவில் இருந்தான். அடக்கத்துக்கு வந்தான். மறுநாளே திரும்பினான்.

ஹாலிஃபாக்ஸ்காரர்கள் கோப்பையை ஜெயித்தார்கள். ஜெயித்தவர்கள் ஆளுக்கு ஒருநாள் கோப்பையைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாம். தன் முறை வந்ததும் டோரியன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அதைச் சமையலறை மேசைமேல் வைத்தான்.

"தொடு மச்சான்."

ஜெயிக்காதவன் கோப்பையைத் தொடுவதில்லை என்று இவர்களுக்கு ஒரு வழக்கம். ஆட்டத்தை விட்டபிறகும் அதை மீறமாட்டார்கள். ஒரெஸ்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அது உன்னுதுடா பாவ்லி."

"எனக்கு எதுக்கு? ஆசைப்பட்டது நீதானே? எங்கம்மாவைக் குடுத்து வாங்கிட்டு வந்திருக்கேன். தொடு."

ஒரெஸ்ட் குலுங்கிக் குலுங்கி அழுதான். டோரியன் அவன் கையை இழுத்துக் கோப்பைமேல் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனும் அழ ஆரம்பித்தான். யார் பக்கம் போய் நிற்பது என்று தெரியாமல் நான் வாசற்படியிலேயே நின்றேன்.