அமுக்கித் திருப்பவும்

செத்துப்போய் நூற்றுப்பதினேழு நாளான பிறகு, மூடிக்காரரின் மகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் புட்டித் தொழிற்சாலைக்கு வந்து, சோதனை அறையில் காலியாக இருந்த பத்தாம் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். வாயில் காவலாளி பதிவேட்டில் முறைப்படி எழுதியிருக்கிறார்: வயது மூன்றேமுக்கால், வந்த நோக்கம் மூடி, அழைத்து வந்தவர் யாருமில்லை. அவளை அடையாளம் தெரியவில்லையா என்று பிற்பாடு மேலிடத்தில் கேட்டார்கள். "தெரியாம என்ன சார், நம்ம மூடிக்காரர் பொண்ணு. அடக்கத்துக்கு நானும்தான் போயிருந்தேன். ஆனா பதிவேட்ல அதுக்குன்னு கட்டம் எதுவும் இல்லையே" என்றார்.

வீட்டில் அவளுக்கு நண்டு என்று பெயர். மூடியிருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. இரண்டு விரலை இடுக்கி போல வைத்து நோண்டித் திறந்துவிடுவாள். பவுடர் டப்பா, அப்பாவின் கண்ணாடிக் கூடு, பக்கத்து வீட்டு சைக்கிள் மணி எல்லாம் அவள் கைபட்டுத் திறந்துகொண்டவை. அப்பாவுக்கோ திறப்பதுதான் பிழைப்பு. பத்தொன்பது வருடமாக அந்தத் தொழிற்சாலையில் மூடி வரைகிறவர். அவருடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அவர் வரைந்தவற்றில் பேர் வாங்கியது வெண்ணெய் மூடி. ஒற்றை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு சுற்றும், ஒன்றேகால் சுற்றில் கையோடு வந்துவிடும். அதற்கு விருது கொடுத்த விழாவில் சேர்மன் முக்கால் மணி நேரம் பேசினார். மனித குலத்தின் விரல்களுக்கு இன்றுதான் விடுதலை என்றார். கேடயம் இருந்த கண்ணாடிப் பெட்டி திறக்க வராமல் இரண்டு பேர் மல்லுக்கட்ட வேண்டியிருந்ததை விழா மலரில் போடவில்லை.

வெண்ணெய் மூடி போட்ட புட்டி ஒன்று மூடிக்காரர் வீட்டு அலமாரியின் மூன்றாம் தட்டிலும் இருந்தது. உள்ளே அவர் மனைவிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, மேலே சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. அம்மா மாடிக்குப் போய்த் துணியை உலர்த்திவிட்டு இறங்கி வருவதற்குள் நண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, விரலால் ஒரு தள்ளு தள்ளி, புட்டியைக் காலி செய்திருந்தாள். மாத்திரை மனைவியுடையது, மூடி கணவருடையது. அதனால் அந்த வீட்டில் யாரும் யாரையும் திட்ட முடியாமல் போனது. இருவரும் மிகுந்த மரியாதையோடு பழகினார்கள். உப்பு வேண்டுமா என்று கேட்பதற்குக்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

அந்த வருடமே, மருந்துப் புட்டிகளுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத பூட்டு மூடி போட்டாக வேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நல்ல மூடி கிடைக்கும்வரை பழைய மூடியையே விற்கலாம் என்று அதிலேயே ஒரு சலுகையும் இருந்தது. சேர்மன் உடனே குழு அமைத்தார். குழு மூன்று முறை கூடி, இன்னும் பிறக்காத மூடிக்கு 'மழலைக் காவலன்' என்று பெயர் வைத்து, அதை எந்த எழுத்தில் பொறிப்பது என்பதையும் முடிவு செய்தது. மூடியைச் செய்வது மட்டும் பாக்கி. அதை மூடிக்காரரிடம் கொடுத்தார்கள். "உங்களைவிட இது யாருக்குப் புரியும்?" என்று சேர்மன் அவர் தோளில் கை வைத்துக் கண் கலங்கினார். புகைப்படக்காரர் தயாராகவில்லை என்பதால் இன்னொரு முறையும் கலங்கினார்.

பூட்டு மூடிக்குச் சோதனை உண்டு. மூன்றரை வயதுக்கும் நாலேகால் வயதுக்கும் இடைப்பட்ட பத்துக் குழந்தைகளை உட்கார வைத்து, ஆளுக்கொரு புட்டியைக் கொடுத்து, திறந்து காட்டு என்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் தானாக முயன்று பார்க்கட்டும். முடியாவிட்டால் மூடியை வரைந்தவர் உள்ளே வந்து, ஒரே ஒரு முறை திறந்து காட்டி, பல்லால் கடித்தாலும் தப்பில்லை என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும். பத்துப் பேரில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் மூடி தோற்றது, மறுபடி வரைபலகை. திறந்து காட்டக் கூப்பிடும்வரை வரைந்தவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். அந்தக் கண்ணாடி வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி, உள்ளிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி. இதையெல்லாம் நிறைவேற்றி வைப்பவர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. கழுத்தில் எந்நேரமும் நிறுத்துகடிகாரம் தொங்குவதால் அவருக்குக் கடிகார மேடம் என்று பெயர்.

செத்த குழந்தையைச் சோதனையில் சேர்க்கலாமா என்று சட்ட ஆலோசகரிடம் கேட்டார்கள். அவர் விதிமுறையை இரண்டு நாள் படித்தார். வயதைப் பற்றி நாலு பக்கம் இருக்கிறது, உயிரைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஆகவே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். முதல் மூடி இரு பக்கமும் அழுத்திப் பிடித்துச் சுற்றுவது. ஒன்பது பிள்ளைகள் புட்டியைத் தட்டினார்கள், உருட்டினார்கள், ஒருவன் அதன்மேல் உட்கார்ந்தே பார்த்தான். நண்டு ஒரு நிமிடம் நாற்பது நொடியில் திறந்தாள். திறந்த புட்டியைத் தூக்கிக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்கே காட்டி, "தொறந்துட்டேன்!" என்று கத்தினாள். அவள் உதட்டில் மாத்திரையின் சிவப்பு அப்படியே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூடிக்காரர் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோதனை முடிந்ததும் அவள் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் வெளியே போனாள். எங்கே போகிறாள் என்று பார்க்கக் காவலாளி கழுத்தை நீட்டினார். தெருமுனையில் ஒரு லாரி குறுக்கே வந்து மறைத்துவிட்டது. அடுத்த சோதனைக்கு வந்தாள். அதற்கடுத்ததற்கும் வந்தாள். மூடி தோற்றால் சோதனை, சோதனை என்றால் நண்டு. மூடிக்காரருக்கு இந்தக் கணக்குப் பிடிபட அதிக நாள் ஆகவில்லை.

இரண்டு அம்புக்குறிகளை நேராக வைத்தால் மட்டும் திறக்கும் மூடி ஒன்று செய்தார். "அம்பும் அம்பும் முத்தம் குடுக்குது" என்று சொல்லிக்கொண்டே திறந்தாள். வசந்தம் போய் வெயில் வந்தது, வெயில் போய் மழை வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு நாலேகால் தாண்டித் தகுதி போய், புதுப் பிள்ளைகள் வந்தார்கள். நண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சேர்மன் ஒருநாள் அவளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, நம் நிறுவனத்தின்மேல் குழந்தைகளுக்கு எவ்வளவு பற்று என்று ஆண்டறிக்கையில் சேர்க்கச் சொன்னார்.

கடைசியாக மூடிக்காரர் போட்டது இரட்டை மூடி. ஒரு மூடிக்குள் இன்னொன்று. உள்மூடிதான் புட்டியின் மரையில் ஏறுவது. வெளிமூடி சும்மா டிக் டிக்கென்று சுற்றிக்கொண்டே இருக்கும். பலமாக அமுக்கினால்தான் வெளிமூடியின் பற்கள் உள்மூடியைக் கவ்வும், அமுக்கியபடியே திருப்பினால் திறக்கும். இரண்டுக்கும் நடுவே விறைப்பாக நின்று தள்ளிக்கொண்டிருக்கும் நான்கு பிளாஸ்டிக் நாக்குகளில்தான் விஷயம் இருந்தது. நாக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் எந்தக் குழந்தையின் கையாலும் அமுக்க முடியாது. அவர் ஒன்று புள்ளி இரண்டு என்று வரைந்தார். தெரிந்தேதான் வரைந்தார். கேட்டவர்களிடம், இதைவிடத் தடித்தால் வயதானவர்களுக்கு மணிக்கட்டு போய்விடும் என்று படம் போட்டு விளக்கினார். குழு தலையாட்டியது, முதியோர் நலன் என்று குறிப்பும் எழுதிக்கொண்டது. நண்டு நாற்காலிமேல் ஏறி நின்று, உள்ளங்கையை வைத்து, உடம்பையே சாய்த்து அமுக்கி, நாலரை நிமிடத்தில் திறந்தாள். செத்தவளுக்கு எடை உண்டா என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. இப்படி எட்டு மாதம். வெண்ணெய் மூடி கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. வீட்டில் அவர் மூச்சு விடவில்லை.

மனைவி வேலை பார்த்தது மருந்துக்கடையில். வெண்ணெய் மூடி போட்ட புட்டியை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம், "உயரத்துல வைங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுவாள். அதற்கே சிலர் அடுத்த கடைக்குப் போனார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பின் தெரு டிரைவர் பையன் போயிட்டான். ரெண்டரை வயசு. அதே மூடி. நான்தான் எடுத்துக் குடுத்தேன், உயரத்துல வைங்கன்னும் சொன்னேன். உயரத்துலதான் வெச்சிருந்தாங்களாம்."

அவர் அவள் கழற்றாத செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க புது மூடி என்னங்க ஆச்சு? எட்டு மாசமா ஒரு மூடியா?"

அவர் சொன்னார். பத்தாம் நாற்காலியிலிருந்து நாக்கின் தடிமன் வரை எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி சொன்னார். அவள் அழவில்லை, நம்பாமலும் இல்லை. "தலை சீவியிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை. அன்னிக்கு இருந்த மாதிரியேதான்."

"எட்டு மாசம். நீங்க மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"சொன்னா, முடிச்சிடுங்கன்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"சொல்லத்தான் போறேன்" என்றாள். "நம்ம பொண்ணை நீங்க பாக்கறதுக்கு இன்னும் எத்தனை வீட்டுப் புள்ளைங்க வேணும்? முடிச்சிடுங்க. ஆனா அன்னிக்கு நான் வருவேன்."

திங்கட்கிழமை அவர் படத்தில் ஒன்று புள்ளி இரண்டை அடித்துவிட்டு ஒன்று புள்ளி ஐந்து என்று எழுதினார். அச்சு வெட்டிக் கொடுக்கப் பதினோரு நாள் ஆனது. அத்தனை நாளும் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை, அவரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

சோதனை நாள் காலை பத்தே காலுக்கே அம்மா வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு சீப்போடு. நண்டு எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்பதில் அம்மாவும் காவலாளியும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. வந்தவள், காலையில் பார்த்துவிட்டு மத்தியானம் பார்ப்பது போல, "அம்மா, பசிக்கலை" என்றாள். அம்மா தரையில் மண்டியிட்டுச் சிக்கெடுத்துத் தலை சீவினாள். முந்தானையை நனைத்து உதட்டைத் துடைத்தாள், சிவப்பு போகவில்லை.

"அந்தச் செவப்பு முட்டாய் நல்லாவே இல்லம்மா."

"தெரியும்டி கண்ணு."

"நீ திட்டலையே?"

"திட்டலை."

வாசலிலிருந்து சோதனை அறைக்கு நூற்று நாற்பது அடி. அம்மா அதை எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தாள். காவலாளி அழைத்து வந்தவர் என்ற கட்டத்தில் 'அம்மா' என்று எழுதினார்.

ஐந்து நிமிடமும் மூடி டிக் டிக்கென்று சுற்றியது. நண்டு ஏறி நின்று அமுக்கினாள், வயிற்றை வைத்து அமுக்கினாள், கோபம் வந்து புட்டியைத் திட்டினாள். பத்துப் பேரில் ஒருவரும் திறக்கவில்லை. கடிகார மேடம் கதவைத் திறந்து, "சார், நீங்க வரலாம்" என்றார். எட்டு மாதத்தில் முதல் முறையாக அவர் உள்ளே போனார். நண்டு எப்போதும் முதல் ஐந்து நிமிடத்திலேயே திறந்துவிட்டதால் அந்தக் கதவு அவருக்குத் திறந்ததே இல்லை.

நண்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீ இங்கயா இருந்தே?"

"இங்கதான் இருந்தேன்."

விதிமுறைப்படி இது சொல்லக்கூடாத வாக்கியம். கடிகார மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுதவில்லை. மூடிக்காரர் பத்து நாற்காலிகளுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டியதைப் பத்தாம் நாற்காலியைப் பார்த்தே சொன்னார்: "இப்ப நான் திறக்கறேன், நல்லா பாத்துக்கோ. அமுக்கணும். அமுக்கிட்டே திருப்பணும். வேணும்னா பல்லால கூடக் கடிக்கலாம்."

"இன்னொரு தடவ காட்டு."

"ஒரு தடவதான் கண்ணு."

அவள் முயன்றாள். பல்லால் கடித்தாள். கடைசி நிமிடத்தில் அவருடைய கையைப் பிடித்துத் தன் கைமேல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கடிகாரம் நின்றது.

"வரலப்பா. நீ தொறந்து குடு."

"மாட்டேன்."

"ஏன்?"

"நீ திறக்கக் கூடாதுன்னுதான் இதைச் செஞ்சேன்."

நண்டு மூடியை ஒரு முறை சுற்றிவிட்டு டிக் டிக் சத்தத்தைக் கேட்டாள். "நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றாள். நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி, வெளியே காத்திருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். தெருமுனையில் அன்றைக்கு லாரி எதுவும் வரவில்லை. ஆனாலும் அம்மா திரும்பி வரும்போது தனியாகத்தான் வந்தாள், இன்னொரு கையைப் பிடித்திருப்பது போல ஒரு கையை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தபடி. வீடு வரைக்கும் அந்தக் கையை அவள் மடக்கவில்லை.

மழலைக் காவலன் வெளியீட்டு விழாவில் சேர்மன் ஒரு மணி நேரம் பேசினார். இந்த மூடியின் எண்ணம் தனக்கு ஒரு அதிகாலையில் உதித்தது என்றார். மூடிக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமே வெண்ணெய் மூடி கடைகளிலிருந்து போய்விட்டது. அதன்பின் அந்தப் பக்கத்துத் தெருக்களில் மாத்திரை தின்று ஒரு குழந்தையும் சாகவில்லை. நடக்காத விஷயம் என்பதால் அது எந்த அறிக்கையிலும் வரவில்லை. பெரியவர்கள்தான் படாத பாடு பட்டார்கள். மருந்துக்கடைக்கு ஒருநாள் ஒரு பெரியவர் புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கவுண்டரில் தட்டி வைத்தார்.

"என்னம்மா மூடி இது? கை விரலெல்லாம் போச்சு. இதைச் செஞ்சவன் வீட்ல புள்ளகுட்டி கிடையாதா?"

மூடிக்காரரின் மனைவி புட்டியை வாங்கி, அமுக்கித் திருப்பி, திறந்து அவரிடம் நீட்டினாள். "ஒரு பொண்ணு இருக்கா. அவளாலயும் திறக்க முடியலை" என்றாள்.

"அப்ப சரி" என்றார் பெரியவர், வாங்கிக்கொண்டு போனார்.